சரிவில் ஆட்டோமேட்டிக் கார்: முதலில் ஹேண்ட் பிரேக், பிறகுதான் பார்க்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆட்டோமேட்டிக் கியர் கார் ஓட்டுவோர் நாளுக்கு நாள் பெருகிவருகிறார்கள். கிளட்ச் இல்லை, இடது காலுக்கு வேலை இல்லை, ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டுவிடுமோ என்ற பதற்றமும் குறைவு. ஓட்டுவது எளிதாகிவிட்டதால் நிறுத்துவதும் எளிதாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கியர் லீவரை 'பி' (பார்க்) என்ற எழுத்துக்குத் தள்ளுகிறார்கள், பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறார்கள், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை. சமதளத்தில் இந்தப் பழக்கம் பெரிய கேடு செய்யாது. சரிவில் நிச்சயம் செய்யும். அது எப்படி, என்ன செய்தால் தவிர்க்கலாம் என்பதை விவரமாகச் சொல்ல உங்கள் வாசகர் பகுதியில் இடம் கேட்கிறேன்.

பார்க் என்பது பிரேக் அல்ல. அது ஒரு தாழ்ப்பாள். கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டில், பற்கள் வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. லீவரைப் பார்க்கில் போட்டதும் விரல் பருமனுள்ள இரும்புக் கொக்கி ஒன்று இறங்கி, அந்த வளையத்தின் இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்காருகிறது. தண்டு சுழல முடியாது, அதனால் சக்கரமும் உருள முடியாது. உராய்வு, பிடிப்பு, அழுத்தம் எதுவும் இதில் இல்லை. சரிவில் காரைக் கீழே இழுக்கும் சுமை முழுவதையும் அந்த ஒற்றைக் கொக்கி தாங்குகிறது.

கொக்கி இறங்கும் நேரத்தில் அதற்கு நேராகப் பள்ளம் இல்லாமல் பல்லின் தலை இருந்தால் என்ன ஆகும்? ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் காலை எடுத்ததும் கார் சில சென்டிமீட்டர் உருளும். அடுத்த பள்ளம் வந்ததும் கொக்கி சடக்கென்று விழும், கார் ஒரு குலுக்கலோடு நிற்கும். சரிவில் பார்க் போட்டுக் காலை எடுத்ததும் உணர்கிற அந்தக் குலுக்கல் இதுதான். ஓடுகிற காரில் பார்க் போட்டால் கொக்கி உள்ளே விழாமல் பற்களின் மேல் துள்ளிக்கொண்டே கடகடவென்று சத்தம் போடும். வேகம் மிகவும் தணிந்த பிறகே அது விழும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே, பிரேக் பிடிக்காமல் போனால் பார்க்கில் போட்டு நிறுத்திவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம்.

அந்தக் கொக்கியின் மேல் விழும் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 சதவீதச் சரிவு என்றால் கிடையாக 10 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் உயர்கிறது என்று பொருள். 1,200 கிலோ எடையுள்ள கார் அதில் நின்றால், அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 120 கிலோ எடைக்குச் சமம். அதே கார் 20 சதவீதச் சரிவில் நின்றால் சுமார் 235 கிலோ. ஐந்து பேரும் சாமான்களும் ஏறிவிட்டால் இன்னும் கூடும். ஹேண்ட் பிரேக் போடாவிட்டால் இவ்வளவும் கொக்கியின் ஒரு முனையில் விழுகிறது.

இது எதில் தெரியும் என்றால், திரும்ப வண்டியை எடுக்கும்போது தெரியும். கதவின் மேல் ஒருவர் முழு எடையோடு சாய்ந்து நிற்கும்போது தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள், வராது. பலமாக இழுத்தால் 'டொக்' என்று வெளியே தெறிக்கும். பார்க்கில் மாட்டிய லீவரும் அப்படித்தான் அடம்பிடித்து, பிறகு பெரிய சத்தத்தோடும் அதிர்ச்சியோடும் விடுபடுகிறது. ஒரு நாளில் எதுவும் உடைந்துவிடாது. கொக்கி உறுதியான இரும்புதான். ஆனால் தினமும் சரிவில் இப்படியே நிறுத்தி எடுக்கும் காரில் கொக்கியின் முனையும் வளையத்தின் பல்லும் மெல்ல மழுங்குகின்றன. மழுங்கிய கொக்கி பள்ளத்தில் முழுதாக உட்காராது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்னால் வரும் வண்டி நின்றிருக்கும் காரை லேசாக இடித்தாலும், அந்த அடி முழுவதும் ஏற்கெனவே எடை தாங்கிக்கொண்டிருக்கும் கொக்கிக்குத்தான் போகும்.

அரசுகளின் விதிகளே இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றன. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 13-ஹெச் விதிப்படி, முழுச் சுமை ஏற்றிய காரை 20 சதவீதச் சரிவில், ஏற்றம் பார்த்து நின்றாலும் இறக்கம் பார்த்து நின்றாலும், ஹேண்ட் பிரேக் அசையாமல் பிடிக்க வேண்டும். அதற்குக் கையால் கொடுக்க வேண்டிய இழுவிசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறக்குறைய 40 கிலோ எடையைத் தூக்கும் பலம். பார்க் நிலைக்கு என்ன அளவுகோல் என்று பார்த்தால், அமெரிக்காவின் 114-ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரம் கேட்பது இவ்வளவே: 10 சதவீதச் சரிவில், பார்க்கில் போட்டு பிரேக்கை விட்ட பிறகு கார் 150 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. ஏறக்குறைய அரை அடி நகர்ந்து நிற்பதற்கு அந்தத் தரமே இடம் கொடுக்கிறது. சரிவில் காரைத் தாங்க வேண்டியது ஹேண்ட் பிரேக், பார்க் அதற்குத் துணை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி செய்முறை. வரிசைதான் இதில் முக்கியம். செய்கிற வேலைகள் அதேதான், வரிசை மாறினால் பலன் மாறிவிடும்.

கால் பிரேக்கால் காரை முழுதாக நிறுத்துங்கள். காலை எடுக்காமல் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துப் போடுங்கள். பொத்தான் வகை மின் ஹேண்ட் பிரேக் என்றால் பொத்தானை இயக்கி, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அடுத்ததுதான் பெரும்பாலானோர் விட்டுவிடும் படி: கால் பிரேக்கை மெல்ல, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். காரின் எடை ஹேண்ட் பிரேக்கில் போய் உட்காரும். வண்டி ஓரிரு சென்டிமீட்டர் அசைந்து அமைதியாகும். அசைந்துகொண்டே போனால் உடனே கால் பிரேக்கை மிதித்து ஹேண்ட் பிரேக்கை இன்னும் இழுங்கள். நின்றுவிட்டது என்று உறுதியானதும் மறுபடி கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரைப் பார்க்கில் போடுங்கள். இப்போது கொக்கி எந்தச் சுமையும் இல்லாமல் பள்ளத்தில் இறங்கும். எஞ்சினை அணையுங்கள். கடைசியாகக் காலை எடுங்கள். எல்லாம் சேர்ந்து பத்து விநாடி வேலை.

நியூட்ரல் எதற்கு, நேராக ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் பார்க்கில் தள்ளினால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும், முதலில் பார்க் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஹேண்ட் பிரேக் எடையை ஏற்கும் முன் கார் சிறிது அசையும் என்று மேலே சொன்னேன். அந்த அசைவு பார்க் போட்ட பிறகு நடந்தால் எடையில் ஒரு பங்கு கொக்கிக்குப் போய்விடும். நியூட்ரலில் வைத்துச் செய்தால் அந்த அசைவு முன்பே முடிந்துவிடுகிறது. ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்பதும் நீங்கள் இருக்கையில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. இந்த இரண்டாவது பலனே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பார்க்கில் போட்டுவிட்டால் ஹேண்ட் பிரேக் பிடித்ததா, கொக்கி பிடித்ததா என்று யாருக்கும் தெரியாது.

வண்டியை எடுக்கும்போது வரிசை தலைகீழ். கால் பிரேக்கை அழுத்தி மிதித்து எஞ்சினை இயக்கி, லீவரைப் பார்க்கிலிருந்து டிரைவுக்கோ ரிவர்சுக்கோ மாற்றுங்கள். அதன் பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். கால் பிரேக்கை மிதிக்காமல் முன்பே விட்டால், நிறுத்தும்போது பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய கொக்கியின் மேல் எடை முழுவதும் விழுந்துவிடும். நிறுத்தும்போது சரியாகச் செய்துவிட்டு எடுக்கும்போது இந்த இடத்தில் கோட்டைவிடுபவர்கள் அதிகம்.

முன்சக்கரங்களைத் திருப்பி வைப்பது அடுத்தது. ஹேண்ட் பிரேக்கும் பார்க்கும் இரண்டுமே கைவிட்டால், உருளும் கார் சாலைக்குள் போகாமல் ஓரத்தில் முட்டி நிற்க வேண்டும் என்பதே நோக்கம். இறக்கம் பார்த்து நிறுத்தினால் சக்கரங்களைச் சாலையோரத்துப் பக்கம் திருப்புங்கள். ஏற்றம் பார்த்து நிறுத்தி, ஓரத்தில் நடைபாதையின் விளிம்புக்கல் இருந்தால், சக்கரங்களைச் சாலையின் நடுப்பக்கம் திருப்புங்கள். கார் பின்னால் உருண்டால் முன்டயரின் பின்பகுதி கல்லில் முட்டி நிற்கும். ஏற்றம் பார்த்து நிற்கிறது, விளிம்புக்கல் இல்லை என்றால் சாலையோரத்துப் பக்கமே திருப்புங்கள். உருண்டாலும் வண்டியின் பின்பக்கம் ஓரத்தை நோக்கிப் போகும். சாலையின் எந்தப் பக்கத்தில் ஓட்டும் நாடாக இருந்தாலும் 'ஓரம்', 'நடு' என்று நினைவு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

விளிம்புக்கல்லில் டயர் மெல்லத் தொட்டு நின்றால் போதும். நசுங்கும்படி ஏற்றி நிறுத்தினால் டயரின் பக்கச்சுவர் கெடும். கல் உயரமாகவும் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். சறுக்கலாகவோ வழவழப்பாகவோ கட்டிய தாழ்ந்த விளிம்பில் டயர் ஏறிவிடும். கார் முழுதாக நிற்கும் முன், மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். நின்ற இடத்திலேயே முறுக்கினால் டயரும் ஸ்டீயரிங் இணைப்புகளும் தேயும். இப்படித் திருப்பி நிறுத்திய பிறகு ஸ்டீயரிங் பூட்டு இறுகிச் சாவி திரும்பாமல் போவதுண்டு. பழுது என்று பயப்பட வேண்டாம். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினால் விடுபடும்.

இதில் ஒரு விதிவிலக்கு. சாலையோரம் பள்ளமாகவோ தடுப்புச்சுவர் இல்லாத மலைச்சரிவாகவோ இருந்தால், ஓரத்துப் பக்கம் திருப்பிய சக்கரம் காரைப் பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பக்கம் திருப்பலாம் என்று யோசிப்பதைவிட அங்கே நிறுத்தாமல் இருப்பதே சரி. எதிர்ப்புறம் மலையோ மதிலோ இருந்து, அங்கே நிறுத்த அனுமதியும் இருந்தால் அந்தப் பக்கம் போகலாம்.

கார் எந்தெந்தச் சக்கரங்களில் பூட்டப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால் மேலே சொன்ன வரிசையின் பொருள் இன்னும் விளங்கும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்கள் இரண்டையும் பிடிக்கிறது. பார்க் கொக்கி எஞ்சின் இயக்கும் சக்கரங்களைப் பூட்டுகிறது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் அவை முன்சக்கரங்கள். ஆகவே இரண்டையும் போட்டால் நான்கு சக்கரமும் பிடிபடுகின்றன. ஒன்றை மட்டும் போட்டால் இரண்டு சக்கரம் சும்மா இருக்கின்றன. பின்சக்கரம் இயங்கும் காரில் இரண்டும் பின்னாலேயே பிடிப்பதால் முன்சக்கரங்கள் எப்போதும் விடுபட்டே இருக்கும்.

பார்க் பற்றி அதிகம் பேசப்படாத, ஆனால் உயிருக்கே ஆபத்தான செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. கொக்கி பூட்டுவது தண்டைத்தான், சக்கரங்களை நேரடியாக அல்ல. தண்டுக்கும் இரு சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வசதி செய்வது அது. தண்டு அசையாமல் நின்றாலும், ஒரு சக்கரம் முன்னோக்கிச் சுழன்றால் மற்றது பின்னோக்கிச் சுழல டிஃபரன்ஷியல் விட்டுக்கொடுக்கும். இரண்டு சக்கரமும் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்வரை இது நடக்காது. ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிய அந்த நொடியில் நடக்கும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கமும் தரையிலுள்ள சக்கரம் மறுபக்கமும் சுழலும், கார் ஜாக்கியிலிருந்து உருண்டு விழும். ஹேண்ட் பிரேக் போடாமல் பார்க்கை மட்டும் நம்பி முன்டயரைக் கழற்றுபவர் தன் கைகளையும் கால்களையும் காருக்கு அடியில் வைத்திருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்டயரைத் தூக்கும்போதும் கவனம் வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிக்கும் இரண்டு சக்கரங்களில் ஒன்று தரையை விட்டுப் போய்விடுகிறது, பிடிப்பும் பாதியாகிறது. சரிவில் பஞ்சரானால் அங்கேயே கழற்றாமல், மெல்ல ஊர்ந்து சமதளத்துக்குப் போங்கள். காற்றில்லாமல் உருட்டினால் டயர் போய்விடும் என்றால் போகட்டும். நகர்த்தவே முடியாத நிலையில், ஹேண்ட் பிரேக், பார்க் இரண்டையும் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இறக்கத்துப் பக்கம் முட்டுக்கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். சரிவு சற்றுக் கடுமையாக இருந்தால் அதையும் செய்யாமல் உதவிக்கு ஆள் அழையுங்கள்.

இதே டிஃபரன்ஷியல் காரணத்தால், இயங்கும் சக்கரங்களில் ஒன்று ஈரச் சருகிலோ சேற்றிலோ நின்றால் பார்க்கின் பிடிப்பு அந்தச் சக்கரத்தின் பிடிப்பளவுக்குக் குறைந்துவிடும். சரளைக்கல்லிலும் ஈரப்புல்லிலும் நான்கு சக்கரத்தையும் பூட்டினாலும் வண்டி மொத்தமாகச் சறுக்கக்கூடும். அங்கே பிரேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, இடத்தை மாற்ற வேண்டும்.

அடுத்தது சூடு. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்து நிறுத்தினால் பிரேக் டிஸ்க் கொதித்து விரிந்திருக்கும். அந்த நிலையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் நன்றாகவே பிடிக்கும். டிஸ்க் ஆற ஆறச் சுருங்கும், அதை இருபுறமும் கவ்வும் பேடுகளின் அழுத்தம் தளரும். நின்றிருந்த கார் கால் மணி நேரம் கழித்து, ஆள் இல்லாத வேளையில் தானாக நகர்ந்தது என்று சொல்லும் நிகழ்வுகளுக்கு இது ஒரு காரணம். பின்சக்கரத்தில் டிஸ்க்கும் கேபிள் வழி ஹேண்ட் பிரேக்கும் உள்ள கார்களில் இந்த ஆபத்து உண்டு. மின் ஹேண்ட் பிரேக் பலவற்றில், சிறிது நேரம் கழித்துத் தானே மறுபடி இறுக்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மற்றவர்கள் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு 'க்ளிக்' கூடுதலாக இழுப்பதும், கிளம்பிப் போகும் முன் ஒருமுறை திரும்ப இழுத்துப் பார்ப்பதும், முட்டுக்கட்டை வைப்பதும் நல்லது. பார்க் கட்டாயம் போட்டிருக்க வேண்டிய இடம் இது. ஹேண்ட் பிரேக் தளர்ந்தாலும் கொக்கி காரை நிறுத்தும்.

எல்லா ஆட்டோமேட்டிக் காரிலும் பார்க் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளட்ச்சையும் கியரையும் மோட்டார் கொண்டு இயக்கும் ஏ.எம்.டி. வகைக் கார்கள் பலவற்றில் லீவரில் பார்க் நிலையே கிடையாது. நியூட்ரலில் விட்டு இறங்கினால் அந்தக் காரைப் பிடிக்க ஹேண்ட் பிரேக் மட்டுமே இருக்கும். இவற்றைக் கியரில் வைத்து நிறுத்த வேண்டும்: ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். மேலே சொன்னபடி நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு எடையை அதில் உட்காரவைத்த பிறகு, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே கியரை மாற்றி, திரையில் அந்தக் கியர் தெரிகிறதா என்று பார்த்து எஞ்சினை அணையுங்கள். எஞ்சினின் அமுக்கம் (உள்ளே காற்று அமுங்கும்போது எழும் தடை) சக்கரங்களைத் தடுத்து நிறுத்தும். கடும் சரிவில் அந்த அமுக்கத்தையும் மீறி கார் மெல்ல மெல்ல நகரக்கூடும் என்பதால், இந்த வகையிலும் முதல் காவல் ஹேண்ட் பிரேக்தான். எஞ்சினை இயக்கும்போது பல மாடல்கள் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொல்லும். அந்த நேரத்தில் கியரின் பிடிப்பு போய்விடும், கால் பிரேக்கில் கால் இருக்க வேண்டும்.

கியரில் வைத்து நிறுத்தும் இந்தப் பழக்கத்தை, எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் யாரும் செய்துபார்க்க வேண்டாம். டிரைவில் வைத்து எஞ்சினை அணைத்தால் கியரில் நிற்கும் என்று நினைப்பது பெரிய தவறு. எஞ்சின் நின்றதும் கியர்பாக்ஸின் ஆயில் பம்பும் நின்றுவிடும், ஆயில் அழுத்தம் இறங்கும், உள்ளேயுள்ள கிளட்ச் தகடுகள் விட்டுவிடும். கார் நியூட்ரலில் இருப்பதுபோலவே உருளும். உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் உரிமையாளர் கையேட்டில் 'நிறுத்துதல்' என்ற பகுதியைப் பாருங்கள்.

நிறுத்தும் வசதி என்று தவறாக நினைக்கப்படும் மூன்று வசதிகள் உண்டு. ஏற்றத்தில் கிளம்பும்போது உதவும் ஹில் ஹோல்ட், கால் பிரேக்கை விட்ட பிறகு பெரும்பாலும் இரண்டு மூன்று விநாடிதான் பிடிக்கும். ஆட்டோ ஹோல்ட் என்பது சிக்னலில் நிற்பதற்கானது. அது பிரேக் ஆயில் அழுத்தத்தால் பிடிக்கிறது. சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ ஹேண்ட் பிரேக்குக்குத் தானே மாறும் கார்கள் உண்டு என்றாலும், அதை நம்பி இறங்கக் கூடாது. மூன்றாவது, நின்றதும் எஞ்சின் தானே அணைந்துவிடும் வசதி. சத்தம் நின்றுவிட்டதால் வண்டியை அணைத்துவிட்டோம் என்று நினைத்து, லீவர் டிரைவில் இருக்கும்போதே கதவைத் திறந்துவிடுகிறார்கள். மின்சாரக் கார்களில் எப்போதுமே, ஹைபிரிட் கார்களில் பல நேரம் எஞ்சின் சத்தம் இல்லாததால் இந்த மயக்கம் இன்னும் அதிகம்.

லீவரின் வடிவமும் ஏமாற்றும். பழைய நேர்க்கோட்டு லீவர், பார்க்குக்கும் ரிவர்சுக்கும் நடுவில் முழுதாக உட்காராமல் நின்றுவிடக்கூடும். போட்டாயிற்று என்று நினைத்து இறங்கிய சிறிது நேரத்தில் வண்டி நகரும். புதிய மின்னணு லீவர்கள் சிலவற்றில், தள்ளியதும் லீவர் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கை உணர்வை வைத்து எந்தக் கியர் என்று சொல்ல முடியாது. 2016-இல் இப்படிப்பட்ட லீவர் கொண்ட சுமார் 11 லட்சம் கார்கள் உலகெங்கும் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. ஓட்டுநர்கள் பார்க்கில் போட்டதாக நினைத்து இறங்கிய பின் கார்கள் உருண்டதே காரணம். கையை நம்பாமல் கண்ணை நம்புங்கள். டாஷ்போர்டில் 'பி' எழுத்து தெரிகிறது, ஹேண்ட் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிகிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகே சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள்.

முட்டுக்கட்டை விஷயத்தில் சுருக்கமாக: ரப்பர் முட்டுக்கட்டை ஒரு ஜோடி டிக்கியில் இருக்கட்டும். இறக்கத்துப் பக்கம், டயரை ஒட்டி, இரண்டு சக்கரங்களுக்கு வையுங்கள். கையளவுக் கல் போதாது, டயர் ஏறிக் கடந்துவிடும். எடுக்கும்போது ஒருவர் கால் பிரேக்கில் இருக்க, மற்றவர் பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும். கல் வைத்திருந்தால் அதைச் சாலையிலேயே விட்டுப் போகாதீர்கள். இருட்டில் இருசக்கர வண்டியில் வருபவர் அதில் ஏறி விழுவார்.

ஹேண்ட் பிரேக் நல்ல நிலையில் இருந்தால்தான் இவ்வளவும் பயன்படும். ஆட்டோமேட்டிக் கார்களில் அதை யாரும் பயன்படுத்தாததால், அது பழுதாகியிருப்பதே தெரியாமல் போகிறது. லீவர் வகையில் பொதுவாக 5 முதல் 8 'க்ளிக்'குக்குள் இறுகப் பிடிக்க வேண்டும். சரியான எண்ணிக்கை காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். லீவர் அதைத் தாண்டி மேலே வந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது அல்லது பிரேக் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ தேய்ந்திருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத, லேசான சரிவில் நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு மெல்ல விட்டுப் பாருங்கள். ஏற்றம் பார்த்து ஒருமுறை, இறக்கம் பார்த்து ஒருமுறை. டிரம் பிரேக் சக்கரம் சுழல முயலும் திசையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ பிடிக்கும் என்பதால் ஒரு திசையில் மட்டும் பார்த்தால் போதாது. ஈரக் காலத்தில் பல நாள் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஹேண்ட் பிரேக்கைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அது உண்மைதான். சமதளத்தில் பார்க்கும் முட்டுக்கட்டையும் போட்டு அப்படி விடலாம். சரிவில் விடக் கூடாது.

ஏற்கெனவே பார்க்கில் மட்டும் நிறுத்தி, இப்போது லீவர் வரவில்லை என்றால் என்ன செய்வது? கால் பிரேக்கை முழுதாக மிதித்து, எஞ்சின் ஓடும் நிலையில் பொத்தானை அழுத்தி ஒரே சீராக இழுங்கள். வரவில்லை என்றால் இரண்டு கைகளால் மல்லுக்கட்ட வேண்டாம், லீவரின் கேபிளோ பொத்தானோ உடையும். காரை மேல்நோக்கி ஒரு சில சென்டிமீட்டர் நகர்த்தினால் கொக்கி தானே விடுபடும். அதை மேற்புறத்தில் நிற்கும் மீட்பு வண்டியின் கயிற்றால் இழுத்துச் செய்ய வேண்டும். கீழ்ப்புறம் நான்கு பேர் நின்று தள்ளக் கூடாது. பேட்டரி செயலிழந்தால் லீவர் பார்க்கிலேயே பூட்டிக்கொள்ளும். பல கார்களில் லீவரின் அருகே சிறு மூடிக்குள் அதை விடுவிக்கும் வழி இருக்கிறது. அதைத் தொடும் முன் ஹேண்ட் பிரேக்கும் முட்டுக்கட்டையும் போட்டிருக்க வேண்டும்; விடுவித்த உடனே காரைப் பிடிக்க வேறு எதுவும் இருக்காது.

உருளத் தொடங்கிய காரை ஆள் நிறுத்த முடியாது. 10 சதவீதச் சரிவில் பிரேக் எதுவும் பிடிக்காமல் உருளும் கார் 3 விநாடியில் சுமார் 9 கிலோமீட்டர் வேகத்தையும், 5 விநாடியில் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டி, 10 மீட்டர் கடந்துவிடும். பின்னால் நின்று கை வைத்துத் தடுப்பதும், திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு ஓடி உள்ளே தாவுவதும் உயிரைக் குடிக்கும். சத்தம் போட்டு எதிரே இருப்பவர்களை விலகச் செய்யுங்கள், காரை விட்டுவிடுங்கள்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கும் கார் விற்பனை நிலையங்களுக்கும் உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். புதுக் காரை ஒப்படைக்கும்போது தொடுதிரையில் பாட்டு மாற்றுவதற்குக் கால் மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஐந்து நிமிடத்தை எடுத்து, ஒரு சரிவில் காரை நிறுத்தி, நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காலைத் தளர்த்துதல், பார்க் என்ற வரிசையை வாங்குபவர் கையாலேயே இரண்டு முறை செய்யவைக்க வேண்டும். கார் நிறுவனங்கள் இந்த வரிசையைத் தமிழில் ஒரு சிறு ஒட்டுத்தாளாக அச்சிட்டு, ஓட்டுநரின் பக்கத்து வெயில் மறைப்பில் ஒட்டித் தரலாம். சரிவான வாகன நிறுத்துமிடங்களை நடத்துவோர் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஜோடி முட்டுக்கட்டையைச் சங்கிலி கோத்து வைக்கலாம்.

இப்படிக்கு,
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்